நெய்தல் நிலமும் இழுவை மடியும்



ஐந்திணையுள் நெய்தலுக்கு உரிய பொருள் இரங்கல் என்று இலக்கணம் வகுத்தது. பிரிந்து சென்ற தலைவனை எண்ணிக் கானலில் நின்று தலைவி இரங்குவதையே அந்நிலத்தின் அகப்பாடல்கள் பெரிதும் பாடின. அவ்விரங்கலுக்குப் பின்புலமாக அமைந்தவை கருப்பொருள்கள்: சுறவும் இறவும் அயிலையும், புன்னையும் தாழையும், வலை உணங்கும் மணலும், கரைக்கு வரும் திமிலும். தலைவியின் துயர் பாட்டுக்குப் பாட்டு மாறினும் கடலும் அதன் உயிர்களும் மாறா என்ற நம்பிக்கை அப்பாடல்களின் அடித்தளமாக இருந்தது. கடந்த அறுபது ஆண்டுகளில் தளர்ந்துபோனது அந்த நம்பிக்கையே. இன்று நெய்தலில் இரங்கத்தக்க நிலையில் இருப்பவை அதன் கருப்பொருள்கள்தாம்.

மீன்பிடித்தல் மனிதனின் பழந்தொழில்களுள் ஒன்று. அதைப் பழிப்பது இவ்வுரையின் நோக்கமன்று. கடலில் மனிதன் கை வைத்த காலமெல்லாம் கடல் அழிந்துகொண்டிருந்தது என்பதும் உண்மையன்று. எந்தக் கருவியால், எவ்விடத்தில், எவ்வளவு இடைவெளி விட்டு மீன் பிடிக்கப்படுகிறது என்பதே கேள்வி. தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் இடையே கிடக்கும் பாக்கு விரிகுடாவை முன்வைத்து அக்கேள்வியை ஆராய்வது இவ்வுரை.

உவா நாளும் சுறவின் கொம்பும்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் உவா நாளில் கடல்மேல் வேட்டைக்குச் செல்லாது தங்கியதைக் கூறுகிறது. அன்று அவர்கள் சினைச்சுறவின் கொம்பை நட்டுத் தெய்வத்தை வழிபட்டனர். பூச்சூடிக் கள்ளருந்தி உண்டு விளையாடினர். இதைப் பழந்தமிழரின் சூழலியல் சட்டம் என்று கொண்டாடுவது மிகையாகும். வழிபாடும் களிப்புமே அந்நாளின் பயன். எனினும், வேலை செய்யாத நாள் ஒன்று தொழிலின் ஒழுங்கிலேயே இருந்தது. பிடிபட்ட உயிரின் உறுப்பு ஒன்று வணக்கத்துக்கு உரியதாகவும் இருந்தது. இவ்விரண்டும் கருதத்தக்கவை.

நட்டு வணங்கத்தக்க கொம்பு வாள்சுறாவினுடையது என்று கொள்வது பொருந்தும். கடலோர மக்கள் அதனை வேளா என்றும் வழங்குவர். அதன் மூக்கு நீண்டு, இருபுறமும் பற்கள் பதிந்த வாள் போலத் தோன்றும். கரையோரத்து ஆழம் குறைந்த நீரிலும் கழிமுகங்களிலும் தரையை ஒட்டி வாழும் உயிர் அது. குட்டி ஈனும் இயல்பினது, குட்டிகளும் சிலவே. எந்த வலை வந்தாலும் அந்த வாளின் பற்களில் சிக்கிக்கொள்ளும். சிக்கினால் மீள்வது அரிது. இரை தேடவும் பகையை விலக்கவும் இயற்கை அளித்த படைக்கலமே வலைகள் பெருகிய காலத்தில் அதற்குக் கேடாயிற்று. உலகில் உள்ள வாள்சுறா இனங்கள் அனைத்தும் இன்று அழிவின் விளிம்புக்குத் தள்ளப்பட்டுள்ளன. இந்தியாவில் 2001-ஆம் ஆண்டு அவை வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்புக்குள் வந்தன. பட்டினப்பாலையின் பரதவர் மனையில் நட்ட கொம்பை இன்றைய பரதவரின் பிள்ளைகள் அருங்காட்சியகத்தில்தான் காண முடியும் என்ற நிலை நெருங்கிவிட்டது.

இடைவெளி விடும் வழக்கத்துக்கு முத்துக்குளிப்பும் ஒரு சான்று. மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் ஆண்டுதோறும் குளிப்பு நடந்ததில்லை. பார்களை முன்கூட்டியே சோதித்து, சிப்பி முற்றியிருந்தால் மட்டுமே குளிப்புக்குத் திறப்பர். பல ஆண்டுகள் திறவாமலே கழிந்ததும் உண்டு. தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. ஏறத்தாழ அதே காலத்தில்தான் இடைவெளி அறியாத வேறொரு கருவி தமிழகக் கடலுக்குள் இறங்கியது.

மடி செய்யும் வேலை

இழுவை மடி என்பது வாய் அகன்று வால் குறுகிய பெரிய வலைப்பை. வாயின் இருபுறமும் கட்டப்பட்ட கனத்த பலகைகள், படகு இழுக்கும்போது நீரின் எதிர்ப்பால் விலகி, வாயை அகட்டி வைக்கும். மேற்கயிற்றில் மிதவைகளும் கீழ்க்கயிற்றில் ஈயக்குண்டுகளோ இரும்புச் சங்கிலியோ இருக்கும். எந்திரப் படகு அதனைக் கடலின் தரைமீது மணிக்கணக்கில் இழுத்துச் செல்லும். தூண்டில் ஒரு மீனை நாடும்; செவுள்வலை தன் கண்ணளவுக்கு ஏற்ற மீனைத் தடுக்கும். மடியோ தான் கடந்து செல்லும் இடத்தில் உள்ளதையெல்லாம் வாரிக்கொள்ளும்.

இக்குற்றச்சாட்டு இன்று எழுந்ததன்று. 1376-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் நாடாளுமன்றத்துக்கு ஒரு முறையீடு வந்தது. தரையில் இழுபடும் புதுவகை வலையொன்று கடலடியின் செடிகளையும் சிப்பிக் குஞ்சுகளையும் அழிக்கிறது, பெரிய மீன்களின் இரை கெடுகிறது என்பது அம்முறையீட்டின் சாரம். பாய்மரக் காலத்து மீனவர் வெறுங்கண்ணால் கண்டதை எந்திரக் காலத்து ஆய்வுகள் உறுதிப்படுத்தின.

மடியால் நேரும் கேடு மூவகைப்படும். முதலாவது, தரைக்கு நேரும் கேடு. பாக்கு விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைந்த ஆழமுடையது. கதிரொளி அடிவரை இறங்குவதால் அங்குக் கடற்புல் செழித்து வளர்கிறது. கடற்புல் பாசியன்று, வேரூன்றிப் பூத்துக் காய்க்கும் தாவரம். இறால் குஞ்சுக்கும் மீன் குஞ்சுக்கும் அதுவே தொட்டில். மணலைப் பிடித்து வைப்பதும், கரியைச் சேற்றில் சேமித்து வைப்பதும் அதுவே. ஆனால் ஒளியை அடிவரை விடும் அதே ஆழமின்மை, மடியையும் எல்லா இடத்துக்கும் விடுகிறது. மடி சென்ற தடத்தில் புல் வேரோடு பெயர்கிறது. கடற்பஞ்சும் சிப்பியும் நொறுங்குகின்றன. கிளம்பிய சேறு ஒளியை மறைத்து, மடி தொடாத புல்லையும் நலியச் செய்கிறது. புண் ஆறுவதற்குள் மற்றொரு படகு அதே தடத்தில் வருகிறது.

இரண்டாவது, வேண்டாததையும் கொல்லும் கேடு. இறாலைத் தேடி இழுக்கும் மடியில் இறாலைக் காட்டிலும் பிற உயிர்களே மிகுதியாக ஏறுகின்றன. காரல் போன்ற சிறுமீன்கள், விலை போகும் மீன்களின் குஞ்சுகள், நண்டுக் குஞ்சுகள், நட்சத்திர மீன்கள், கடற்குதிரைகள் எல்லாம் ஒரே குவியலாகப் படகின் தளத்தில் கொட்டப்படும். சமையலுக்கு ஆகாத இக்குவியலை இராமேசுவரம் கரையில் சங்காயம் என்பர். முன்பு பெரும்பாலும் கடலில் வீசப்பட்ட சங்காயம், மீன்தூள் ஆலைகள் வந்தபின் விலைப்பொருள் ஆயிற்று. கோழித் தீவனமாகவும் மீன் தீவனமாகவும் மாறிற்று. வீணாவது குறைந்தது என்று இதற்கு மகிழ்வதற்கில்லை. குஞ்சுகளைப் பிடிப்பதற்கும் ஒரு விலை கிடைத்துவிட்டது என்பதே இதன் பொருள். வளர்ந்திருந்தால் பல மடங்கு விலை பெறும் மீனை முளையிலேயே கிள்ளித் தீவனமாக்குவது, விதைநெல்லைக் குற்றி உண்பதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, மூச்சுக்கு மேலே வரவேண்டிய உயிர்களுக்கு நேரும் கேடு. பங்குனி ஆமைக்கும் ஆவுளியா எனப்படும் கடற்பசுவுக்கும் நுரையீரல் உண்டு. நீருக்குள் நெடுநேரம் தடைப்பட்டால் அவை மூழ்கி இறக்கும். 2025 சனவரியில் சென்னையிலும் அதனை அடுத்த கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. மடியில் ஏறிய ஆமை வெளியேறுவதற்கான கம்பித் தடுப்புக் கருவி எளியது. விதிகளும் அதனைக் கேட்கின்றன. அதைப் பொருத்தாமையால் இந்தியாவின் கடல் இறாலை வாங்குவதை 2019-இல் அமெரிக்கா நிறுத்தியது. ஆமையைப் பொருட்படுத்தாத கை, தன் சந்தையையும் இழந்தது.

ஆவுளியாவின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. கடற்புல்லை மேய்ந்து வாழும் இவ்விலங்கு ஏறத்தாழ ஓராண்டுக்கும் மேலாகக் கருவைச் சுமந்து ஒரே கன்றை ஈனும். அடுத்த கன்றுக்குச் சில ஆண்டுகள் செல்லும். இந்தியக் கடல்களில் எஞ்சியவை சில நூறே. 2022-இல் தமிழ்நாடு அரசு தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை இந்தியாவின் முதல் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. வலையில் சிக்கிய ஆவுளியாவை உயிரோடு விடும் மீனவருக்கு வனத்துறை பரிசும் அளிக்கிறது. வலையை அறுத்து விலங்கை விட்ட மீனவர்கள் அக்கரையில் உண்டு என்பது மனங்கொள்ளத்தக்கது.

மடி வந்த வழி

இக்கருவியை மீனவர் தாமாகத் தேடிக்கொண்டனர் என்று கூறுவது வரலாற்றுக்கு ஒவ்வாது. 1952-இல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் அவையும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, அடுத்த ஆண்டு கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் மீன்தொழில் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கிற்று. மீனவர் வாழ்வை உயர்த்துவதே அதன் குறிக்கோள். எந்திரப் படகு வந்தது. உறைபதன முறை வந்தது. அயல்நாட்டில் இறாலுக்குப் பெருவிலை கிடைத்தது. உணவுக்காகத் தொடங்கிய முயற்சி ஏற்றுமதி வேட்கையாக மாறியது. அரசுகள் கடனும் மானியமும் தந்து இழுவைப் படகுகளைப் பெருக்கின.

1970-களில் கட்டுமரத்தாருக்கும் விசைப்படகினருக்கும் இடையே தமிழகக் கரையெங்கும் மோதல்கள் எழுந்தன. வல்லத்துக்கும் லாஞ்சுக்கும் நடந்த அப்போரை வண்ணநிலவன் 1977-இல் வெளிவந்த ‘கடல்புரத்தில்’ நாவலில் ஒரு குடும்பத்தின் கதையாகப் பதிவு செய்தார். இலக்கியம் கண்டதைச் சட்டம் சில ஆண்டுகள் கழித்துக் கண்டது. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், கரையை ஒட்டிய நீரை நாட்டுப் படகினருக்கென ஒதுக்கியது. முதலில் 3 கடல்மைலாக இருந்த அவ்வெல்லை பின்னர் 5 கடல்மைலாயிற்று. பாக்கு விரிகுடாவில் விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப் படகுக்கு 4 நாள் என்ற பகிர்வும் வழக்கில் வந்தது. 2001 முதல் கிழக்குக் கரையில் இனப்பெருக்கக் காலத் தடை நடைமுறைக்கு வந்தது. 45 நாட்களாக இருந்த அத்தடை இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நீடிக்கிறது. உவா நாளின் ஓய்வு, சட்டத்தின் வடிவில் ஓரளவு திரும்பி வந்தது எனலாம். ஆயினும் தடை நீங்கிய மறுநாள் எல்லாப் படகுகளும் ஒருசேரக் கடலில் இறங்கி, இரண்டு மாதத்தில் வளர்ந்த குஞ்சுகளைச் சில நாட்களில் வாரிக்கொண்டால் ஓய்வின் பயன் எத்துணை நாள் நிற்கும்?

எல்லைக்கோடு காவாத மீன்

கடலின் செல்வம் கரைந்ததற்கு அயலாரே காரணம், அவரை விலக்கிவிட்டால் மீன் பெருகும் என்று கருதுவோர் எல்லா நாட்டிலும் உண்டு. அக்கருத்தை வரலாறு ஒருமுறை சோதித்துப் பார்த்திருக்கிறது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடல், கோட் என்னும் மீனுக்குப் பேர்பெற்றது. 1497-இல் ஜான் காபட் அங்குச் சென்ற காலம் முதல் ஏறத்தாழ 450 ஆண்டுகள் தூண்டிலாலும் சிறுவலைகளாலும் ஐரோப்பியர் அம்மீனைப் பிடித்தனர், வளம் குன்றவில்லை. 1950-களில், பிடித்த மீனைக் கப்பலிலேயே வெட்டி உறைபதனம் செய்யும் பெரும் இழுவைக் கப்பல்கள் வந்தன. 1968-இல் பிடிப்பு 8 லட்சம் டன்னை எட்டியது, பின் சரிந்தது.

1977-இல் கனடா தன் கரையிலிருந்து 200 கடல்மைல் வரை உரிமை கொண்டு அயல்நாட்டுக் கப்பல்களை விலக்கியது. இனிக் குறையில்லை என்று அந்நாடு நம்பியது. ஆனால் அயலார் விட்ட இடத்தில் தன் நாட்டு இழுவைக் கப்பல்களே நிரம்பின. கொடி மாறியது, மடி மாறவில்லை. பதினைந்தே ஆண்டுகளில், 1992 ஜூலையில், கோட் மீன்பிடியையே அரசு நிறுத்த நேர்ந்தது. ஏறத்தாழ 30,000 பேர் ஒரே நாளில் தொழில் இழந்தனர். சில ஆண்டுகளில் மீன் திரும்பும் என்று எதிர்பார்த்தனர்; 32 ஆண்டுகள் கழிந்து 2024-இல்தான் அத்தடை நீங்கியது. அவ்வாண்டுக்கு அனுமதிக்கப்பட்ட அளவு 18,000 டன். முந்தைய 8 லட்சம் டன்னோடு இதனை ஒப்பிட்டால் இழப்பின் அளவு விளங்கும்.

இது ஒரு கடலின் கதையன்று. உணவு வேளாண்மை நிறுவனத்தின் கணக்குப்படி, உலகக் கடல்களில் அளவுக்கு மீறிப் பிடிக்கப்படும் மீன் தொகுதிகள் 1974-இல் 10 விழுக்காடாக இருந்தன, 2021-இல் 37.7 விழுக்காடாக உயர்ந்தன.

இரு கரை மீனவர்

பாக்கு விரிகுடாவின் எல்லைக்கோடு 1974-இலும் மன்னார் வளைகுடாவின் எல்லைக்கோடு 1976-இலும் உடன்பாடுகளால் வரையப்பட்டன. அதற்குப் பின் நிகழ்ந்தவை தமிழர் நெஞ்சைச் சுடுபவை. 1983 முதல் 2009 வரை நீடித்த போரால் ஈழத்து வடகரை மீனவர் தம் கடலிலேயே தொழில் செய்ய முடியாதிருந்தனர். தடைகளும் இடப்பெயர்வும் அவர்களைக் கரையிலேயே கட்டிப்போட்டன. அக்காலத்தில் தமிழகக் கரையின் இழுவைப் படகுகள் அந்நீரில் பழகிவிட்டன. தன் கரையோரத்துத் தரை சுரண்டப்பட்டபின், மீன் எஞ்சிய இடத்தை நோக்கி மடி நகர்வது இயல்பே. போர் ஓய்ந்து மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மீனவர் மீண்டும் வலை விரித்தபோது, இரவில் விரித்த செவுள்வலையைக் காலையில் கிழிந்த துண்டுகளாகக் கண்டனர். கடன் வாங்கி வாங்கிய வலை அது. கிழித்தவரும் தமிழர், இழந்தவரும் தமிழர்.

மறுபுறம், எல்லை கடந்த தமிழக மீனவர் சிறைப்பட்டனர், படகிழந்தனர், உயிரிழந்தோரும் உண்டு. மீனவர் மீது நிகழும் வன்முறைக்கு எந்நியாயமும் இல்லை. ஆனால் ஒவ்வொரு சிறைப்பிடிப்பின்போதும் எல்லையைப் பற்றியும் கச்சத்தீவைப் பற்றியும் எழும் முழக்கம், மடியைப் பற்றிய கேள்வியை மூடிவிடுகிறது. கோடு எங்கே கிடந்தாலும், இழுவை மடி தொடரும்வரை இருபுறத்துத் தரையும் வெறுமையாகும் என்பதையே கனடாவின் 1977 கற்பிக்கிறது.

இழுவைப் படகில் செல்வோர் எல்லாரும் செல்வர் அல்லர். பலர் பங்குக்கும் கூலிக்கும் செல்லும் தொழிலாளர். முன்பணக் கடனால் பிணைக்கப்பட்டோரும் உளர். அரசு தந்த கடனில் படகு வாங்கியவனை அரசே குற்றவாளி ஆக்கிவிட்டு விலகிக்கொள்ள முடியாது.

செய்யத்தக்கவை

2016 நவம்பரில் இந்திய, இலங்கை அரசுகள் புதுதில்லியில் பேசியபோது, இழுவை மடியை விரைந்து ஒழிக்க வேண்டும் என்பது உடன்பட்ட கருத்தாயிற்று. 2017-இல் இலங்கை அம்முறையைச் சட்டத்தால் தடை செய்தது. யாழ்ப்பாணத்துக் குருநகர் போன்ற இடங்களின் இழுவைப் படகுகளும் அத்தடைக்கு உட்பட்டன. அதே ஆண்டு இந்தியா, பாக்கு விரிகுடாவின் 2,000 இழுவைப் படகுகளை மூன்றாண்டுகளில் விலக்கி, ஒவ்வொன்றும் 80 லட்சம் ரூபாய் மதிப்புள்ள ஆழ்கடல் படகுகளைத் தரும் திட்டத்தை வகுத்தது. விலையில் 70 விழுக்காடு மானியம். ஆயினும் நிறைவேறியது குறிக்கோளின் மிகச் சிறு பகுதியே.

இதன் காரணங்கள் தெளிவானவை. காலையில் சென்று மறுநாள் கரை சேரும் தொழிலுக்குப் பழகியவர், சூரையைத் தேடி வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்க வேண்டும். அதற்குப் புதிய பயிற்சியும், ஆழமான துறைமுகமும், பிடித்த மீனுக்கு நிலையான விலையும் வேண்டும். கடனுக்கு ஈடு வேண்டும். படகை மட்டும் கொடுத்துத் தொழிலை மாற்றிவிட முடியாது. எனவே மாற்றுத்தொழில் என்பது ஆழ்கடல் ஒன்றாகவே இருத்தல் வேண்டா. இழுவைப் படகைத் தக்க விலை தந்து அரசே வாங்கி உடைத்தல், தொழிலாளர்க்குத் தனியே இழப்பீடு அளித்தல், தேர்ந்து பிடிக்கும் வலைக்கு உதவுதல், குஞ்சு மீனை வாங்கும் மீன்தூள் ஆலையைக் கட்டுப்படுத்தல், கடற்புல் நிலத்தில் எந்த மடியும் இறங்காமல் காத்தல் ஆகியவை சேர்ந்து நடைபெற வேண்டும். இவை இரு கரையிலும் ஒரே காலத்தில் நடைபெற வேண்டும். ஒரு கரை ஓய்வு கொடுத்து மறு கரை இழுத்தால், ஓய்வு கொடுத்தவன் ஏமாந்தவன் ஆவான்.

இலக்கிய வட்டமொன்றில் இச்செய்திகளைப் பேசுவதன் பொருத்தம் என்ன என்று சிலர் வினவலாம். கடலோர மக்களின் பேச்சில் மீனுக்கும் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் பாருக்கும் வழங்கும் சொற்கள் பல. அவற்றுள் பெரும்பகுதி அகராதி ஏறாதவை. ஜோ டி குரூஸ் 2004-இல் ‘ஆழி சூழ் உலகு’ எழுதியபோது அச்சொற்களில் பல முதன்முறையாக அச்சேறின. ஒரு மீன் வராமற்போனால் அதன் பெயர் முதலில் ஏலக் கூடத்திலிருந்து மறைகிறது. பின்பு அடுக்களையிலிருந்து மறைகிறது. இறுதியில் நினைவிலிருந்தும் மறைகிறது. வேளாவுக்கும் ஆவுளியாவுக்கும் அது இன்று நிகழ்ந்துகொண்டிருக்கிறது. ஐந்தில் ஒரு திணையின் கருப்பொருள் அழியும்போது, அத்திணையின் பாடல்கள் உரைகாரரின் அடிக்குறிப்பை நம்பி வாழ வேண்டியிருக்கும்.

பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டத்தின் அன்பர்கள் ஒன்று செய்யலாம். பாக்கு விரிகுடாவின் செய்தி நாளிதழில் வரும்போது, யார் யாரைச் சிறைப்பிடித்தார் என்பதோடு நில்லாமல், எந்த வலை எந்தத் தரையில் இழுபட்டது என்றும் கேட்கலாம். அக்கேள்வியை இரு கரைத் தமிழரும் ஒருவரையொருவர் நோக்கிப் பகையின்றிக் கேட்கும் நாளில்தான், கடலுக்கு மீண்டும் ஓர் உவா நாள் வாய்க்கும்.